மாப்பிள்ளைக் கொசுக்கள் வந்த தெரு

கண்ணு,

நேற்று போனில் டிக்கெட் வந்துவிட்டது என்று சொன்னாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். மார்கழியில் வெளிநாடு கிளம்புகிறேன், அங்கே குளிர் அதிகம், ஸ்வெட்டர் வாங்க வேண்டும், ஊருக்கு வந்துபோக நேரம் இருக்காது போலிருக்கிறது, சென்னையிலிருந்து நேரே விமானம் ஏறிவிடுவேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். நானும் "சரிம்மா" என்றேன். போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் லேட்டாகத்தான் வரும், உனக்கே தெரியும். சவாரிக்காரன் வம்பு பேசிவிட்டு இறங்கிப்போய் அடுத்த ஸ்டாப் வந்த பிறகுதான், அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் எழுதுகிறேன். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். இதில் நான் சொல்லி முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ கள்ளக்குறிச்சிக்கு வராமல் போகக் கூடாது. எங்களுக்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. எங்களை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், உன் அம்மா அதில் நெற்றியை மட்டும் காட்டுவாள், அது பரவாயில்லை. நீ வர வேண்டியது செல்வி வீட்டுக்கு. நம் வீட்டுக்கு மூன்றாவது வீடு, கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறாளே, அந்தச் செல்வி. அவள் எதிரில் உட்கார்ந்து, நம் தெருவில் நீங்கள் விட்ட கொசு எது, அதன் வயிற்றுக்குள் எதை வைத்து விட்டீர்கள், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று உன் வாயால் சொல்ல வேண்டும். தை பிறந்ததும் உங்கள் கொசு வண்டி மறுபடியும் நம் தெருவுக்குள் வரலாமா கூடாதா என்று தெருவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளோ, "அந்தப் பொண்ணு வரட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

முதலிலிருந்தே சொல்கிறேன். ஆண் கொசு வளர்க்கிற ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறேன் என்று நீ சொன்னபோது நான் அதை ஆட்டோவில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பெண்ணைப் பெரிய படிப்பு படிக்கவைத்துக் கொசு மேய்க்க அனுப்பியிருக்கிறான் என்று பஸ் ஸ்டாண்டில் இருந்து கோர்ட் வரைக்கும் சிரிப்பார்கள். பிறகு ஒரு தீபாவளிக்கு வந்தபோது நீ பொறுமையாக விளக்கினாய். மனுஷனைக் கடிப்பதெல்லாம் பெண் கொசு. ஆண், பூவில் இனிப்பைக் குடித்துக்கொண்டு பெண்ணைத் தேடித் திரிவதோடு சரி. டெங்கு பரப்புகிற வரிக்கால் கொசு இருக்கிறதே, அதில் பெண் பெரும்பாலும் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் ஆணோடு சேரும். அந்த ஒரு தடவை மலட்டு ஆணோடு சேர்ந்துவிட்டால், அது போடுகிற முட்டை பொரியாது. அதனால் ஆண்களை ஏராளமாக வளர்த்து, எக்ஸ்ரே மாதிரிக் கதிர் பாய்ச்சி மலடாக்கி, வெளியில் விட வேண்டும். வெளியில் இருக்கிற ஆண்களை முந்திக்கொண்டு இவை பெண்களைப் பிடித்தால் கொசு கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியாகும். எனக்கு அது பிடித்திருந்தது. மருந்து இல்லை, புகை இல்லை, கல்யாணம் செய்துவைத்தே எதிரியைக் கவிழ்க்கிற வேலை என்று நினைத்தேன்.

ஆனால் நீங்கள் வளர்த்த மாப்பிள்ளைகள் சோப்ளாங்கிகளாக இருந்தார்கள். கூண்டுக்குள் ஒழுங்காகப் பறப்பார்கள், வெளி ஆண்களோடு சேர்த்து விட்டால் ஒரு பெண்ணும் திரும்பிப் பார்க்காது. ஏன் என்று தெரியாமல் நீ சாப்பிடாமல் கிடந்த நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த ஊர்த் தண்ணீரில் வளர்த்துப் பார்க்கலாம் என்று தெரு முனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தட்டுகளில் கொசுப்புழுவை விட்டு, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். உன் அம்மா என்ன செய்தாள்? பெண் படிக்கிற இடம் அழுக்காக இருக்கக் கூடாது என்று தட்டையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, கைக்குழந்தைக்குச் செய்கிற மாதிரி தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றி, புழுவைத் திரும்ப அதில் விட்டிருக்கிறாள். நீ வந்து பார்த்தபோது வளர வேண்டிய புழு வளராமல் நூல் மாதிரி கிடந்தது. நீ தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாய். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நீ எதையோ கண்டுபிடித்த மாதிரி நிமிர்ந்து, "யம்மா, லேப்ல நாங்க பண்ணிக்கினு இருக்கிற தப்பதான் நீயும் பண்ணியிருக்க" என்று சிரித்தாய்.

அன்றைக்கு நீ எங்களுக்குச் சொன்னது இன்னும் அப்படியே மனதில் நிற்கிறது, ஏனென்றால் நீ நம் வீட்டுக் கூழ்ப் பானையைக் காட்டித்தான் சொன்னாய். அம்மா எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பாள், கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிற மண்பானையை மட்டும் உள்ளே தேய்க்க மாட்டாள். மலையில் அவள் பிறந்த வீட்டுப் பழக்கம் அது. அலசிக் கவிழ்ப்பதோடு சரி. தேய்த்தால் அடுத்த கூழ் சரியாகப் புளிக்காது. அந்தப் பானையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி கொசுவின் குடலிலும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, புழுவாக இருக்கும்போது தண்ணீரிலிருந்து அவற்றை விழுங்கித்தான் அது தேறுகிறது, அவை இருந்தால் சீக்கிரம் வளரும், ஆணுக்கு இறக்கையில் பலம் இருக்கும், கூடுதலாக நாள் தாங்கும், பெண்ணைத் துரத்திப் பிடிக்கும் என்றாய். நீங்கள் சுத்தம் சுத்தம் என்று வளர்ப்பதில் பாதி போகிறது, மிச்சம் கதிர் பாய்ச்சுவதில் அடிபடுகிறது. போனதைத் திரும்பக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி என்றாய். கூழ்ப் பானையைத் தேய்க்காத அம்மா கொசுத் தட்டைத் தேய்த்துவிட்டாளே என்று நான் அவளை ஒரு மாதம் கேலி செய்தேன்.

அந்தக் கேள்வியோடுதான் என்னை மலைமேல் உன் அம்மா பிறந்த கரியாலூருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். மலை பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் என் கை தானாக பிரேக்கைத் தேடியது. மாமா வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு அருவிக்குக் கீழே பாறைக் குழிகளுக்குப் போனோம். இலை மக்கிக் காப்பித் தண்ணீர் மாதிரி இருந்த குழிகளில் புழுக்கள் கொழுகொழுவென்று நெளிந்தன. நீ அதை முத்து கிடைத்த மாதிரி பாட்டிலில் பிடித்தாய். உன் மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, கீழ தண்ணிக்கு அவ்ளோ பஞ்சமா? புழு நெளியிற தண்ணிய போயி புடிக்கிற" என்றார். "தண்ணி வேணாம் மாமா. இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு கெடக்குது, அதுதான் வேணும்" என்றாய். அவர் யோசித்துவிட்டு, "அப்ப எங்க மல பேர போட்டுக்கினு எடுத்துப் போ. நாளைக்கி வேற எவனாவது எங்களுதுன்னுவான்" என்றார். நீ அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு வகையை மட்டும் தனியாகப் பிரித்து, வளர்த்து, புழுக்களுக்கும் பிறகு சர்க்கரைத் தண்ணீரிலும் கொடுத்துப் பார்த்தாய். ஒருநாள் காலையில் போன் செய்து, "அப்பா, பசங்க பறக்கறாங்கப்பா" என்று கத்தினாய். நான் நம் ஊர் மந்தைவெளியில் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுத்தான் அந்தச் சந்தோஷத்தைக் கேட்டேன்.

அடுத்தது நம் தெரு. கருணாபுரத்தை ஒட்டிய தெரு, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வீட்டுக்கு வீடு பின்பக்கம் நீல டிரம், டெங்கு வருஷம் தவறாமல் எட்டிப் பார்க்கும். கொசு விட்டுப் பார்க்க நல்ல இடம் என்று நீங்கள் எல்லோருமாக முடிவு செய்தீர்கள். உங்கள் ஆட்கள் மண்டபத்தில் படம் போட்டு விளக்கினார்கள். அதில் கதிரும் இருந்தது, பாக்டீரியாவும் இருந்தது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூலிக்குப் போகிற நேரத்தில் வைத்த கூட்டத்தில் யார் இருந்தார்கள்? நானும், ஸ்பீக்கர் செட்காரரும், வெயிலுக்கு ஒதுங்கின சிலரும். அதனால் நீ என்னிடம் வந்தாய். "அப்பா, நீங்க சொன்னா தெருவுல கேப்பாங்க. ஆம்பள கொசு, கடிக்காது, ஒண்ணும் ஆகாது. இத மட்டும் சொல்லுங்க. கதிரு, பாக்டீரியான்னு எதுவும் ஆரம்பிக்காதீங்க. கிருமின்னு ஒரு வார்த்த காதுல வுழுந்தா பயந்துடுவாங்க" என்றாய். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அதைவிட, என் பெண் வேலையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்ததே என்று பெருமையாக இருந்தது. வீடு வீடாகப் போனேன். ஆட்டோவில் ஏறினவர்களிடமும் சொன்னேன்.

செல்வி வீட்டுக்குப் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து மகள் காவியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதுங்களுக்கு இன்னாண்ணா குடுத்து வளக்கிறாங்க?" என்றாள். இத்தனை வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. "சக்கரத் தண்ணிம்மா" என்றேன். "அவ்ளோதானா?" என்றாள். "அவ்ளோதான். ஒண்ணும் ஆகாது." அவள் பின்னலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாதுன்னுதாண்ணா அன்னிக்கும் குடுத்தாங்க" என்றாள். அவள் வீட்டுக்காரர் அந்த ஆனி மாதம் விஷச் சாராயத்தில் போனவர் என்பது உனக்குத் தெரியும். ஒரே தெருவில் எத்தனை பந்தல் போட்டார்கள் என்பதும் தெரியும். அப்போதாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அவளே, "நீ சொல்றதால சரிண்ணா" என்று பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டாள்.

புரட்டாசியில் முதல் வண்டி வந்த அன்றைக்கு நீயும் வந்திருந்தாய். டப்பாவைத் திறந்ததும் புகை மாதிரி எழும்பிப் போனதே, தெருவே வாசலில் நின்று பார்த்தது. காவியாதான் பேர் வைத்தாள். "மாமா, இதுங்கதான் மாப்ள கொசுவா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து தெருவுக்கே அது மாப்பிள்ளைக் கொசு ஆகிவிட்டது. வண்டி வருகிற நாளில் "மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்பார்கள். கையில் வந்து உட்கார்ந்தால்கூட அடிக்காமல், "போ, போய் பொண்ண பாரு" என்று தட்டிவிடுவார்கள். எனக்கு அதெல்லாம் கேட்கக் கேட்க உச்சி குளிர்ந்தது. உனக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை, ஏனென்றால் அதில் சொல்ல ஏதோ இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. பெண்கள் டிரம்முக்கு மூடி போடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. அவர்களாகவே யோசித்தார்கள், அந்த யோசனையில் ஒரு நியாயமும் இருந்தது. கொசு வந்து முட்டை போட்டால்தான் என்ன, பொரியாதே? செல்வி ஒருநாள் டிரம்மில் தண்ணீர் மொண்டுகொண்டே, "முட்டைதான் பொரியாதே, இன்னும் எதுக்கு மூடிய தூக்கி தூக்கி வெச்சிக்கினு இருக்கணும்?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி, "மூடி வெச்சா மாப்ள எப்டி பொண்ணு பாக்க வருவான்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் கண்ணு. வெளி ஆண்களும் இருக்கும், அவற்றோடு சேர்ந்த பெண்களின் முட்டை பொரியத்தான் செய்யும், எல்லாம் நடக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவும் கம்மிதான் ஆகும், இல்லாமல் போகாது என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். தெரிந்தது எல்லாம் சமயத்துக்கு ஞாபகம் வந்துவிடுகிறதா என்ன? அந்தச் சிரிப்பை மறுநாள் ஆட்டோவில் வேறு சொல்லி இன்னும் நாலு பேரைச் சிரிக்கவைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு காவியாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மழைக் காய்ச்சல் என்றார்கள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதாள், குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தது. நான்தான் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். டெங்கு என்று சொல்லி வலை கட்டின கட்டிலில் படுக்கவைத்தார்கள். அந்த வலைக்குள் அவள் கிடந்த கிடையைப் பார்த்தால் உனக்கும் பொறுத்திருக்காது. ரத்தத்தில் தட்டணு இறங்குகிறது, தட்டணு இறங்குகிறது என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். செல்வி கட்டிலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. திடீரென்று என் பக்கம் திரும்பி, "அண்ணா, மாப்ள கொசு கடிக்காதுதானே?" என்றாள். "கடிக்காதும்மா. சத்தியமா கடிக்காது" என்றேன். "அப்ப இவள எது கடிச்சது?" என்றாள்.

பதிலை, டிரம்முக்கு டிரம் கொசு மருந்து ஊற்றுகிறவர்கள் வந்து சொன்னார்கள். நோய் வந்த வீடு என்று பார்க்க வந்தவர்கள் அவள் டிரம்முக்குள் டார்ச் அடித்தால், தண்ணீர் முழுக்கப் புழு. துணி எடுத்துப்போக வீட்டுக்கு வந்திருந்த செல்வியைப் பிடித்து, "மூடி வெக்கத் தெரியாதாம்மா ஒனக்கு? படிச்சி படிச்சி சொல்றோம், புள்ளைய ஆஸ்பத்திரியில போட்டுட்டு நிக்கிற" என்று சத்தம் போட்டார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைக் கை காட்டியிருக்கலாம். இவர்தான் சொன்னார், இவர் பெண் விட்ட கொசுவை நம்பித்தான் திறந்து வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள். அந்தப் பார்வையோடுதான் நான் இப்போது ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு உனக்குப் போன் செய்தேன். நீ பதறினாய், காவியா எப்படி இருக்கிறாள் என்று மூன்று தடவை கேட்டாய், அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு, "அப்பா, ஆம்பள கொசு கடிக்க முடியாது. நாங்க வுட்டதால இந்தக் காய்ச்சல் வரல. இத தெளிவா சொல்லிடுங்க, இல்லனா தப்பா பேசிடுவாங்க" என்றாய். நீ சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. நான் உன் மேல் பழி போடவில்லை, நீ விட்ட கொசுவின் மேலும் போடவில்லை. ஆனால் கண்ணு, கொசு கடிக்கவில்லை என்பதோடு நம் கணக்குத் தீர்ந்துவிடுமா? அந்த மூடியைத் திறந்தது எது? நாம் சொன்ன சொல்தானே? நீ எனக்குச் சொல்லி, நான் தெருவுக்குச் சொன்ன அந்த "ஒண்ணும் ஆகாது." தட்டைத் தேய்த்ததற்கு அம்மாவை ஒரு மாதம் கேலி செய்தேனே, நானும் நீயும் அதே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம். மக்கள் பயப்படக் கூடாது என்று சொல்லைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தமாக்கிக் கொடுத்தோம். அதில் இருக்க வேண்டியதெல்லாம் போய்விட்டது.

காவியா பிழைத்துக்கொண்டாள். இதை நீ படிக்கிறபோது உனக்கு மூச்சு வரும் என்று தெரியும், எனக்கும் அப்படித்தான் வந்தது. இன்னும் தேறவில்லை, நடந்தால் சுவரைப் பிடிக்கிறாள், சீப்பில் முடி கொத்தாக வருகிறது என்று செல்வி பின்னுவதையே விட்டுவிட்டாள். அம்மா தினமும் ஒரு தூக்கில் கூழ் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். தெருவில் பேச்சு இரண்டாகப் போய்விட்டது. இனிமேல் வண்டி உள்ளே வந்தால் கண்ணாடியை உடைப்போம் என்று சிலர். பொரிகிற முட்டை கம்மியாகித்தான் இருக்கிறது என்று தெருவில் வைத்த முட்டைப் பொறியைப் பார்த்து உங்கள் ஆட்கள் சொன்னார்களே, பாதியில் விட்டால் எப்படி என்று சிலர். பிள்ளையார் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். கடைசியில், அடிபட்டவள் அவள், செல்வி சொல்வதுதான் முடிவு என்று விட்டுவிட்டார்கள். அவள் என்ன சொன்னாள் என்று மேலேயே எழுதிவிட்டேன். அவள் வேண்டாம் என்றால் உன் இத்தனை வருஷ வேலை நம் தெருவில் முடிந்துபோகும். அது எனக்குப் பெரிய வருத்தம்தான். அதைவிடப் பெரிய பயம், நீ வராமலே யாராவது ஒருவர் வந்து மறுபடியும் அதே "ஒண்ணும் ஆகாது" என்பதைச் சொல்லி அவளைச் சரி என்று சொல்லவைத்துவிடுவார்களோ என்பது.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, சின்ன வயதில் ஊசி போட உன்னைத் தூக்கிக்கொண்டு போனால் தெருவே திரளும். அம்மா "வலிக்காதுடி, வலிக்காதுடி" என்று சொல்லச் சொல்ல இன்னும் கத்துவாய். ஒரு தடவை ஒரு நர்ஸம்மா உன்னைப் பார்த்து, "வலிக்கும். கட்டெறும்பு கடிச்சா மாதிரி வலிக்கும். நீ பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்" என்றார். நீ அழுகையை நிறுத்தி, "நெஜமா பத்துக்குள்ளவா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினாய். எண்ணினாய், ஏழிலேயே போய்விட்டது என்று வழியெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாய். எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தால் உன்னால் தாங்க முடிந்தது. மற்றவர்களால் முடியாது என்று நீ எப்போது முடிவு செய்தாய் என்று எனக்குப் புரியவில்லை. நானும் உன்னோடு சேர்ந்துதானே முடிவு செய்தேன், அதனால் இதை உன்னைக் கேட்பதற்கு எனக்கு வாய் கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

இன்னொன்று. உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். போன வாரம் காவியாவுக்கு ரத்தம் பார்க்க அழைத்துப்போய்த் திரும்பும்போது, குழந்தை பின்சீட்டில் தூங்கிவிட்டது. ஆட்டோவை மரத்தடியில் நிறுத்தி, செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதிர் பாய்ச்சுவதைச் சொன்னேன். கரியாலூர்ப் பாறைக் குழியிலிருந்து எடுத்த நுண்ணுயிரைச் சொன்னேன், அதை ஏன் கொடுக்கிறார்கள் என்று கூழ்ப் பானையை வைத்துச் சொன்னேன். முழுசாகச் சரியாகச் சொன்னேனா என்று தெரியாது, அதற்குத்தான் நீ வர வேண்டும். முட்டை எல்லாமே பொரியாமல் போகாது என்று எனக்கு முதலிலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் மகளின் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அதுக்குள்ள கிருமி இருந்திச்சி."

"இருந்திச்சிம்மா. கெடுதல் பண்ற கிருமி இல்லன்னு எம் பொண்ணு சொல்லுது. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் நாங்க சொல்லல."

"பயந்துதாண்ணா இருப்பேன்" என்றாள். பிறகு, குழந்தை எழுந்துவிடாமல், மெதுவாகச் சொன்னாள்: "பயந்திருந்தா மூடி வெச்சிருப்பேன்."

எந்த பஸ் என்று மட்டும் சொல். ஆட்டோவோடு ஸ்டாண்டில் நிற்கிறேன். நம் வீட்டுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.

அப்பா